டப்பாவின் மேல் ஒரு மீன்

சுங்கத்தில் என் பார்சலை நிறுத்திவைத்திருப்பதாகக் கடிதம் வருவதற்கு நான்கு நாள் முன்பே தங்கமீன் செத்துப்போயிருந்தது.

நான் இருப்பது புளோரிடாவின் டாம்பா நகரில். மீனின் வால் நைந்து, வயிறு உப்பி, செதில்கள் சிலிர்த்து நின்றன. பக்கத்துக் கடைகளில் மீனுக்கான ஆன்டிபயாட்டிக் எதுவும் இல்லை. வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் அமாக்சிசிலின் முப்பது கேப்சூல் வரவழைத்தேன். டப்பாவின் மேல் பளபளவென்று ஒரு மீன் படம்; கீழே, மீன்களுக்கு மட்டும் என்று ஒரு வரி. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. அனுப்பிய அந்தக் கடிதத்தில் ஒரே விஷயம்தான் இருந்தது: இது அங்கீகாரம் பெறாத விலங்கு மருந்தாகத் தெரிகிறது, மறுப்பு இருந்தால் தெரிவிக்கலாம்.

எனக்குக் கோபம் வந்தது. நான் சென்னைக் கொளத்தூர்க்காரன். வண்ணமீன் வளர்ப்பே தொழிலாக இருக்கும் தெருக்களில் நடந்து பள்ளிக்குப் போனவன். மீன் சோர்ந்தால் அப்பா மெடிக்கலில் டெட்ராசைக்ளின் வாங்கிவருவார். சீட்டு எதுவும் கேட்க மாட்டார்கள். கேப்சூலைப் பிரித்துத் தொட்டியில் கொட்டுவார். அங்கே கைக்கெட்டுவது இங்கே ஏன் குற்றமாகிறது? மறுப்பு எழுதுவதற்காகத்தான் தேட ஆரம்பித்தேன்.

முதலில் கிடைத்தது 1968ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம். விலங்குக்கான புதிய மருந்து எதுவானாலும், அது தீங்கற்றது, வேலை செய்கிறது என்ற இரண்டையும் காட்டித்தான் விற்க வேண்டும். மாட்டுக்கும் கோழிக்கும் அதைச் செய்து காட்ட நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகும். சில டாலர் விலையுள்ள மீனுக்கு யார் செலவழிப்பார்கள்? அதனால் மீன் மருந்துகள் அங்கீகாரம் இல்லாமலே பல காலம் அலமாரியில் இருந்தன. கண்டுகொள்ளாமல் விட்டதை நாங்கள் அனுமதி என்று நினைத்துக்கொண்டோம்.

இந்தச் சிக்கல் சட்டம் இயற்றியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. 2004இல், மீன் போன்ற சிறுபான்மை விலங்கினங்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். முழு அங்கீகாரத்துக்கு வழியில்லாத மருந்தை வல்லுநர் குழு ஒன்று ஆராய்ந்து ஒப்புக்கொண்டால், ஒரு பட்டியலில் சேர்த்து விற்கலாம். அந்தப் பட்டியலில் தெரிந்த பெயர் ஒன்றைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன்: ஓவாப்ரிம். மீனை முட்டையிடத் தூண்டும் ஊசி மருந்து. நம்மூர் மீன்குஞ்சுப் பண்ணைகளில் எல்லோருக்கும் தெரியும். அலங்கார மீனை மயக்கத்தில் ஆழ்த்தும் மருந்தும் பட்டியலில் இருந்தது. ஆன்டிபயாட்டிக் ஒன்றுகூட இல்லை. உணவு மீன்களுக்கு ஆக்சிடெட்ராசைக்ளின், ஃபுளோர்ஃபெனிகால் போன்றவை முறையாக அங்கீகாரம் பெற்றிருக்கின்றன. தொட்டி மீனுக்கு மட்டும் எதுவுமில்லை. அதாவது என் டப்பாவில் இருந்த மருந்து தங்கமீனிடம் வேலை செய்யும் என்று எஃப்.டி.ஏ.விடம் எவரும் நிரூபித்ததே கிடையாது.

அப்படியானால் அந்த டப்பாவை யார்தான் வாங்கினார்கள்? 2002இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஒரு கடிதத்தில் ராணுவ மருத்துவர்கள், படைவீரர்கள் செல்லப்பிராணிக் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிடுவதைச் சொல்லியிருந்தார்கள். 2019இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மீன் ஆன்டிபயாட்டிக்குகளுக்கு வாங்கியவர்கள் எழுதிய 2,288 மதிப்புரைகளைப் படித்துப் பார்த்தார்கள். அவற்றில் 2.4 விழுக்காடு, மனிதர் சாப்பிடுவதைப் பற்றியது. மருத்துவக் காப்பீடு இல்லாதவருக்கு, டாக்டரைப் பார்க்கும் செலவைவிட மலிவாகக் கிடைக்கும் கேப்சூல் எப்படித் தெரியும் என்று எனக்குப் புரிகிறது. அவருக்கு மீன் படம் ஒரு திரை.

இதுவரை மறுப்புக் கடிதத்துக்கு எனக்கு இடமிருந்தது. நான் திரைக்குப் பின்னால் நிற்பவன் அல்ல. என்னிடம் உண்மையாகவே மீன் இருந்தது. மருந்து கைக்கு வந்திருந்தால் பிழைத்திருக்குமே?

அதையும் தேடினேன். வயிறு உப்பிச் செதில் சிலிர்க்கும்போது முதலில் சந்தேகிக்கப்படும் கிருமிகளில் ஒன்று ஏரோமோனாஸ். இதற்கு அமாக்சிசிலினையும் அதன் அண்ணன் ஆம்பிசிலினையும் உடைத்துப்போடும் நொதி பிறவியிலேயே உண்டு. ஆய்வகத்தில் மற்றக் கிருமிகளை ஒதுக்கி ஏரோமோனாஸை மட்டும் வளர்க்க வேண்டுமானால், வளர்ப்பு ஊடகத்தில் ஆம்பிசிலினைத்தான் கலக்கிறார்கள். கிருமியை வடிகட்டி எடுக்கும் சல்லடையை நான் மருந்தென்று காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

அப்பாவின் டெட்ராசைக்ளினும் தப்பவில்லை. அது கடின நீரில் உள்ள கால்சியத்தோடும் மக்னீசியத்தோடும் ஒட்டிக்கொள்ளும். மீனின் உடம்புக்குள் போவது குறைந்துவிடும். எங்கள் வீட்டுத் தொட்டியில் ஊற்றியது போர்த் தண்ணீர். குளிக்கும் பக்கெட்டில்கூட வெள்ளையாகப் படியும்.

பிறகு கிடைத்த ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தபோதுதான் கோபம் முழுக்க இறங்கியது. கடைக்கு வரும் வண்ணமீன், பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் தண்ணீரும் ஆக்சிஜனுமாகக் கடல் கடந்து வருகிறது. அந்தத் தண்ணீரையே ஆராய்ந்திருக்கிறார்கள். மருந்தெதிர்ப்பைக் கிருமிக்குக் கிருமி கைமாற்றும் மரபுத்துணுக்குகள் மீன்தொட்டி ஏரோமோனாஸில் இருப்பதை அமெரிக்க ஆய்வு ஒன்று 1976லேயே சொல்லியிருக்கிறது. 2009இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு, இறக்குமதியான அலங்கார மீன்களிலிருந்தும் பைத் தண்ணீரிலிருந்தும் எடுத்த கிருமிகளை 34 மருந்துகளோடு மோதவிட்டது. சில கிருமிகள் 15 அல்லது அதற்கும் மேற்பட்ட மருந்துகளைத் தாங்கின. பயணத்தில் மீன் சாகக் கூடாதென்று வழியெல்லாம் மருந்து. அந்த மருந்துக்குப் பழகிய கிருமி அதே பையில் வீட்டுக்கு வருகிறது. அதைக் கொல்ல இன்னொரு மருந்து. அந்தத் தண்ணீரைக் கொட்டுவதும் தொட்டியில் கைவிடுவதும் மனிதர்கள்தான்.

2023 ஜூனில், அங்கீகாரம் பெற்று விலங்குகளுக்கு விற்கப்படும், மனித மருத்துவத்துக்கும் முக்கியமான ஆன்டிபயாட்டிக்குகள் எல்லாம் கால்நடை மருத்துவரின் சீட்டுக்குள் வந்தன. அந்த டிசம்பரில், மீனுக்கும் கூண்டுப் பறவைக்கும் அங்கீகாரமற்ற மருந்து விற்ற ஒன்பது நிறுவனங்களுக்கு எஃப்.டி.ஏ. எச்சரிக்கை அனுப்பியது. உள்ளூர் அலமாரி காலியானதும் என்னைப் போன்றவர்கள் வெளிநாட்டுப் பக்கம் திரும்பினோம். கதவு அங்கேயும் சாத்தியிருந்தது. மீன் பார்க்கும் மருத்துவர் எளிதில் கிடைக்காத ஊரில் சீட்டு வாங்கு என்பது பாதி வழிதான். அந்த மனத்தாங்கல் இன்னும் இருக்கிறது. ஆனால் மறுப்பு எழுதவில்லை.

தேடலின் கடைசிக் கண்ணியாக அப்பாவைக் கூப்பிட்டேன்.

"அப்பா, அந்த கேப்சூலைக் கொட்டணும்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"மீன்கடைக்காரர்தான்."

"அவருக்கு?"

"அவருக்கு யாராவது சொல்லியிருப்பாங்க. ஏண்டா, மீன் பிழைச்சிதா?"

"இல்லப்பா. அப்ப நம்ம மீனெல்லாம்?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "பாதி பிழைக்கும். நான் மருந்து போட்டா தண்ணியையும் மாத்திடுவேன்ல" என்றார்.

போனை வைத்துவிட்டு, காலித் தொட்டியில் எஞ்சியிருந்த தண்ணீரில் சோதனைத் தாளை நனைத்தேன். அமோனியாக் கட்டம் கரும்பச்சைக்கு மாறியது. மீன் நோயில் விழுவதற்கு முந்தின வாரம்தான், அழுக்காக இருக்கிறதே என்று ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து கழுவியிருந்தேன். அமோனியாவைத் தின்னும் நல்ல கிருமிகள் குடியிருந்த இடம் அந்தப் பஞ்சுதான். குழாய்த் தண்ணீரின் குளோரின் மருந்து அவற்றைக் கொன்றிருக்கும். மிச்சம் ஏதாவது இருந்திருந்தால், அதையும் தீர்த்துக்கட்ட அந்த முப்பது கேப்சூல் வந்துகொண்டிருந்தது.