கதவு என்று ஒரு பெயர்

புதுச்சேரியில் தமிழ்ப் பெயருக்குப் பின்னால் பிரெஞ்சு வால் ஒன்று தொங்கினால், வெள்ளைக்காரத் தாத்தாவைத் தேடாதீர்கள். 1881ல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது: சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு வருகிறவர்கள் ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். முன்னால் நின்றவர் வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை. ஷூ போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார் என்று தடுத்தபோது பாரிஸ் வரை வழக்காடி ஜெயித்த ஆசாமி! 'பிள்ளை'யைக் கழற்றிவிட்டு 'லபோர்த்' ஆனார். அப்படியென்றால் கதவு. (பொருத்தம்தான்.) அந்தக் கதவு வழியே நுழைந்தவர்களில் தலித்துகள் நிறைய. வாயைத் திறந்து பெயர் சொன்னால் சாதி தெரியாது என்பது லேசுப்பட்ட விஷயமா, சொல்லுங்கள்? 1962ல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்ட பலர் இந்த வம்சம். இப்போது அந்தப் பெயர்கள் பாரிஸ் புறநகர் வீட்டுக் கதவுகளிலும் இருக்கின்றன. கல்யாணப் பேச்சு வந்தால் மட்டும், 'பழைய பேர் என்ன?' என்று யாராவது மெதுவாக விசாரிக்கிறார்கள்.