சந்தா நோட்டு

எழுதுகிறவனுக்கு இரண்டு கஷ்டங்கள். எழுதுவது ஒன்று, எழுதியதைப் படிக்கிறவர் வாசலில் கொண்டுபோய்ச் சேர்ப்பது மற்றொன்று. 1959-ல் ‘எழுத்து’ பத்திரிகையை ஆரம்பித்த சி. சு. செல்லப்பா, இந்த இரண்டாவது கஷ்டத்தையும் தாமே சுமந்தார். புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். எனக்கு அவ்வளவு திராணி கிடையாது. இணையத்தில் எழுதுகிறேன், மூட்டை சுமக்க வேறு ஆள் வைத்துக்கொண்டேன். வினை அங்கேதான் வந்தது.

இணையத்தில் புதிதாக ஒன்று எழுதினால், அந்தச் சமாசாரம் ‘செய்தியோடை’ என்கிற வாய்க்காலில் தானாக வந்து விழும். ஆர்.எஸ்.எஸ். என்று 1999-ல் பிறந்த ஏற்பாடு இது. வேண்டியவர்கள் தங்கள் வயலுக்கு மடை திறந்துகொள்ளலாம். எத்தனை மடை திறந்திருக்கிறது என்று கணக்கு வைக்கவும், புதியதை மின்னஞ்சலாக அனுப்பவும் கம்பெனிகள் தோன்றின. 2004-ல் வந்த ஃபீட்பர்னர் அதில் பேர்போனது. 2007-ல் கூகிள் அதை விலைக்கு வாங்கிற்று. ஓடைகளைப் படிப்பதற்கென்று கூகிளே நடத்திய ரீடர், 2013 ஜூலை 1-ல் மூடப்பட்டது. 2021-ல் ஃபீட்பர்னரின் மின்னஞ்சல் சந்தாவும் நின்றது. முன்கூட்டியே சொல்லி, முகவரிகளை எடுத்துக்கொள்ள அவகாசம் கொடுத்தார்கள் என்பது வாஸ்தவம். ஆனாலும், யானையே படுத்துவிட்டது பாருங்கள்!

நான் அமர்த்தியது யானை அல்ல, சின்னக் கம்பெனி. பெயர் வேண்டாம். கூலி கேட்காமல் வேலை செய்தார்கள். கடையைக் கட்டப் போவதாக அவர்கள் அனுப்பிய கடிதத்தை, ஏதோ விளம்பரம் என்று நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஒருநாள் கடை இல்லை. என்னுடைய 212 வாசகர்களின் முகவரியும் இல்லை.

நானோ தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். எட்டு மாதம் கழித்து அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், என் பழைய நாவலின் கடைசிப் பக்கத்தில் விலாசம் பார்த்து எழுதியிருந்தார். “உங்களிடமிருந்து ஒன்றும் வருவதில்லை. உடம்பு சௌக்கியந்தானே? விசாரிக்கப் பயமாக இருந்தது. அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை.”

அந்தக் கார்டை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாளைப் பொறுத்தவரை எட்டு மாதமாக நான் பாதி செத்தவன். மற்ற 211 பேர் என்ன நினைத்தார்களோ!

சகோதரி மகன் ஏழெட்டுக் கம்பெனிகளைப் பட்டியல் போட்டுக் கொடுத்தான். கட்டணம், வசதி, வடிவம் என்று கட்டம் கட்டமாக இருந்தது. எனக்குத் தலை சுற்றியது. அந்தச் சமயத்தில் மாத வசூலுக்காகப் பேப்பர் ஏஜெண்டு வந்தார். வண்ணார்பேட்டையில் பேராத்துச்செல்வி அம்மன் கோயில் பக்கம் அவர் வீடு. 2023 டிசம்பரில் தாமிரபரணி கரை புரண்டு வந்தபோது, ஒரு பிளாஸ்டிக் பையைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியேறியவர். பைக்குள் இருந்தது சந்தா நோட்டு.

“பேப்பரு நனைஞ்சா நாளைக்கு வேற பேப்பரு வரும் அண்ணாச்சி. நோட்டு போச்சுன்னா எந்த வீட்டுக்கு எந்தப் பேப்பருன்னு ஆருக்குத் தெரியும்?” என்றார்.

“பையன்கள் அடிக்கடி மாறுகிறார்களே?”

“மாறட்டும். நோட்டை அவனுவ கையில குடுக்க மாட்டேன். பாத்து எழுதிக்கிட்டுப் போவான்.”

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. பையன் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். நோட்டு என்னிடம் இருக்க வேண்டும். மருமகனிடம் மூன்றே கேள்விகள் கேட்டேன். முகவரிப் பட்டியலை நினைத்தபோது முழுதாக எடுத்துக்கொள்ளலாமா? ஓடையின் விலாசம் என் சொந்தப் பெயரில் இருக்குமா? இருந்தால்தானே, ஆளை மாற்றினாலும் வாசகர் மடையை மாற்ற வேண்டியதில்லை. மூன்றாவது, கூலி வாங்குகிறார்களா? கூலி வாங்குகிறவனும் ஒருநாள் போவான்; ஆனால் அவனைக் கூப்பிட்டுக் கேட்க நமக்கு வாய் உண்டு. பட்டியலில் இரண்டு கம்பெனிதான் மிஞ்சியது. விலை குறைந்ததை எடுத்துக்கொண்டேன்.

இப்போது மாதம் பிறந்ததும் முதல் ஜோலி, முகவரிகளை இறக்கி ஒரு நோட்டில் என் கையாலேயே எழுதிவைப்பது. பழையவர்களில் இதுவரை 61 பேர் அகப்பட்டிருக்கிறார்கள். முதல் பெயர் அம்பாசமுத்திரம் ஆசிரியையுடையது. அவருக்கு மட்டும் மின்னஞ்சலுக்கு முன்னால் ஒரு கார்டு போட்டேன்: “சௌக்கியமாக இருக்கிறேன். தவறு என்னுடையது.”