புழுதியில் விதைத்த வசனம்



பிள்ளைகளுக்கு வேதவசனங்களை மனப்பாடம் செய்விப்பதைக் குறித்து இந்த வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். இக்காரியத்தில் நான் செய்த ஒரு தவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். வீட்டில் சிறுபிள்ளைகளை உடைய எவருக்காவது அது பயன்படக்கூடும்.

2020ஆம் ஆண்டு மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது என் பேரனுக்கு வயது ஏழு. நம் மாநிலத்தில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மறுபடியும் திறக்கப்பட்டது 2021 நவம்பர் முதல் தேதியில்தான். அதுவரை அருப்புக்கோட்டையில் உள்ள எங்கள் வீடே அவனுக்குப் பள்ளிக்கூடமாயிற்று. என் மகன் நூற்பாலை வேலைக்கும், மருமகள் வீட்டு வேலைக்கும் நேரம் பகிர்ந்தது போக, ஆசிரியப் பொறுப்பு பெரும்பாலும் என்மேல் விழுந்தது.

அந்நாட்களில் அமெரிக்காவில் வசிக்கும் உறவினர் ஒருவர், அங்குள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் வீட்டுக்கல்வியில் பின்பற்றும் மனனப் பாடத்திட்டம் ஒன்றைக் குறித்து எங்களுக்குச் சொன்னார். மறைக்கல்வி, இலத்தீன், வரலாறு, அறிவியல், கணக்கு, புவியியல் எனப் பாடத்துக்கு ஒரு சிறு பகுதியைப் பிள்ளை ஒவ்வொரு வாரமும் மனத்தில் பதித்துக்கொள்ளும். இளம்வயதில் நினைவாற்றல் மிகுதி. ஆகவே முதலில் நினைவை நிரப்ப வேண்டும், வாதிடும் வயதில் ஆராயக் கற்பிக்க வேண்டும், பின்னர் அழகுற எடுத்துரைக்கப் பழக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. இடைக்கால ஐரோப்பியக் கல்வியின் இந்த மூன்று படிகளையும் ஆங்கில எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் 1947இல் ஆக்ஸ்போர்டில் நிகழ்த்திய ஓர் உரையில் மறுபடியும் நினைவூட்டினார். இன்றைய வீட்டுக்கல்வியாளர் பலருக்கு அவ்வுரையே தொடக்கம்.

இதைக் கேட்டதும் எனக்கு உற்சாகம் பொங்கியது. இலத்தீனை விட்டுவிட்டு, நம் வேதாகமத்தைக் கொண்டு நானே ஓர் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். வாரத்துக்கு மூன்று வசனங்கள். பன்னிரண்டு வாரங்களில் முப்பத்தாறு. ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு நட்சத்திரம். ஆகஸ்டு மாதத்தில், கைப்பேசி வழியே நடந்த ஆராதனையில், முப்பத்தாறு வசனங்களையும் அதிகார எண்களோடு ஒரு பிழையுமின்றி அவன் ஒப்புவித்தான். சபையார் வாழ்த்துச் செய்திகளை அனுப்பினார்கள். அவற்றை நான் மீண்டும் மீண்டும் வாசித்தேன் என்பதையும் இங்கே அறிக்கையிட வேண்டும்.

கிறிஸ்துமஸ் நாளில் மறுபடியும் கேட்டேன். ஐந்து வசனங்கள்தாம் எஞ்சியிருந்தன. அவற்றிலும் ஒன்றின் முற்பகுதியோடு வேறொன்றின் பிற்பகுதி கலந்திருந்தது. நான் கடிந்துகொண்டேன். அவன் அட்டவணையைப் பார்த்தபடி பேசாமல் நின்றான்.

எங்கள் எதிர்வீட்டில் கத்தோலிக்க மூதாட்டி ஒருவர் இருக்கிறார். பேரன் அவரை ஆச்சி என்றழைப்பான். திருச்சுழிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர், எழுத்தறியாதவர். சிறுவயதில் ஊருக்கு வந்துபோன உபதேசியார் சொல்லக் கேட்டே செபங்கள் அனைத்தையும் கற்றவர். மாலைதோறும் திண்ணையில் அமர்ந்து மல்லிகைப் பூக் கட்டுவார். கட்டி முடித்தபின் ஐம்பத்துமூன்று மணி செபமாலையைக் கையில் எடுப்பார். பூவை எண்ணி எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு என் பேரன் தினமும் அங்கே போய்விடுவான்.

அந்த மூதாட்டியின் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருப்பதை அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை. முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்த அன்றிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சானது. மறுஆண்டு கொச்சியில் அச்சான ‘கிரிசித்தியானி வணக்கம்’, ஆசிரியனும் மாணாக்கனும் உரையாடும் வினாவிடை நூல். படிக்கத் தெரிந்த ஒருவர் கேட்க, மற்றவர்கள் விடை சொல்லிச் சொல்லி மனத்தில் ஏற்றிக்கொள்ள ஏற்ற வடிவம் அது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் ஐயரும் தமிழ்ப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித்தான் நம் மொழியைக் கற்றார். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியும் நிகண்டும் அவ்விதமே வாய்வழியாக ஏறின. சுந்தரர் பாடிய தலமாகிய திருச்சுழியைப் போன்ற ஊர்களில், ஓதுவார்கள் தேவாரத்தைத் தலைமுறை தலைமுறையாகச் செவிவழியே காத்து வந்திருக்கிறார்கள். மனனம் என்பது அமெரிக்காவிலிருந்து நமக்கு வரவேண்டிய புதுமை அன்று.

2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருநாள், குடும்ப ஜெபத்தின் முடிவில், கர்த்தர் கற்பித்த ஜெபத்தைப் பேரன் தனியே சொன்னான். ‘பரமண்டலம்’ என்னும் இடத்தில் ‘பரலோகம்’ என்றான். நாம் இறுதியில் சேர்த்துச் சொல்லும் துதிவாக்கியமும் அதில் இல்லை. எதிர்த்திண்ணையில் கேட்ட வடிவம் என்று உடனே விளங்கியது. “நம் சபையில் இப்படிச் சொல்வதில்லை” என்று கடுமையாகத் திருத்தினேன். சில நாட்கள் அவன் ஆச்சி வீட்டுக்குப் போகவும் தடை செய்தேன். அந்த ஜெபத்தை என் முன்னிலையில் சொல்வதை அவன் அத்தோடு நிறுத்திவிட்டான்.

மே மாதம் வந்தது. இரண்டாம் அலையின் நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். ஓர் இரவு என் மகனுக்கு மூச்சுத்திணறல் மிகுந்தது. 108 ஊர்தி வந்தது. கவச உடை அணிந்த இருவர் அவனை ஏற்றினார்கள். உடன் வர எவருக்கும் அனுமதியில்லை. ஊர்தியின் ஒலி தெருவைக் கடந்து மறைந்தபின், வாசலில் நாங்கள் மூவரும் நின்றோம். மருமகள் என்னைப் பார்த்தாள். நான் ஜெபிப்பேன் என்று அவள் காத்திருந்தாள். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ படுக்கைகளின் அருகே நின்று ஜெபித்த என் வாயில், அந்த இரவில் ஒரு சொல்லும் எழவில்லை.

பேரன் தொடங்கினான். ஆச்சியின் வார்த்தைகளில், ‘பரலோகம்’ என்றே தொடங்கினான். இருட்டில் எதிர்த்திண்ணையிலிருந்து அந்த மூதாட்டியின் குரலும் சேர்ந்துகொண்டது. மருமகள் சேர்ந்தாள். நானும் அந்தப் பிள்ளையின் பின்னால், அவன் சொன்ன சொற்களிலேயே சொல்லிச் சென்றேன். அவன் முடித்த இடத்தில் நானும் முடித்தேன், எதையும் சேர்க்கவில்லை.

பதினேழு நாட்களுக்குப் பின் தேவகிருபையால் மகன் வீடு திரும்பினான். அதே நாட்களில் ஜெபித்த எல்லா வீடுகளுக்கும் எல்லாரும் திரும்பவில்லை. அவர்களில் சிலரை அடக்கம் செய்தவன் நான். ஆகையால் மனப்பாடத்தின் பலன் என் மகனின் சுகம் என்று சொல்லத் துணியமாட்டேன். சொல் அற்றுப்போன வேளையில் எங்கள் வீட்டில் ஒரு சொல் இருந்தது. அவ்வளவே என் சாட்சி.

பின்னொரு நாள் ஆச்சியிடம் மன்னிப்புக் கேட்டேன். பிள்ளைக்கு எப்படிக் கற்றுக்கொடுத்தீர்கள் என்றும் கேட்டேன். “நான் எங்கயா சொல்லிக்கொடுத்தேன்? நான் எனக்குச் சொல்லிக்கிட்டு இருந்தேன். அவன் பக்கத்துல இருந்தான்” என்றார்.

அவ்வாண்டு செப்டம்பரில், திருச்சுழிக்கு அப்பால் கரிசல் நிலம் வைத்திருக்கும் எங்கள் சபை மூப்பர் ஒருவரைக் காணச் சென்றேன். மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் சோளம் விதைத்துக்கொண்டிருந்தார். புழுதி விதைப்பு என்று இதைச் சொல்வார்கள். ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் விதை விழவேண்டும். “ஏன் அண்ணாச்சி, இவ்வளவு ஆழம்?” என்றேன். “மேலாப்புல போட்டா ஒரு தூத்தலுக்கே முளைச்சிரும் ஐயா. அடுத்த மழைக்குள்ள காஞ்சிரும். ஆழத்துல கிடந்தாத்தான் நல்ல மழைக்குக் காத்துக் கிடக்கும்” என்றார்.

என் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணை அப்போது என் கண்முன் வந்தது. முப்பத்தாறு வசனங்களையும் நான் மேலாக விதைத்திருந்தேன். புகழ்ச்சி என்னும் தூறலுக்கு அவை ஒரே நாளில் முளைத்தன; ஈரமில்லாமல் உலர்ந்தன. லூக்கா எட்டாம் அதிகாரத்தில் கற்பாறையின்மேல் விழுந்த விதையை ஆண்டவர் இவ்விதமே விவரிக்கிறார். அந்த உவமையைப் பலமுறை பிரசங்கித்த நான், என் சொந்த வீட்டில் அதைக் காணத் தவறினேன்.

உபாகமம் ஆறாம் அதிகாரத்தில் தேவன் பெற்றோருக்குக் கொடுக்கும் கட்டளையைக் கவனியுங்கள். வார்த்தைகள் முதலில் பெற்றோரின் இருதயத்தில் இருக்கவேண்டும். பின்பு வீட்டில் உட்கார்ந்திருக்கையிலும், வழிநடக்கையிலும், படுக்கையிலும், எழுகையிலும் அவற்றைப் பிள்ளைகளிடம் பேசவேண்டும். ஆச்சியின் திண்ணையில் நடந்தது அதுவே. நம் ஆண்டவர் சிலுவையில் சங்கீதங்களின் வார்த்தைகளால் பிதாவை நோக்கிக் கூப்பிட்டபோது, அவர் கையில் சுருள் இல்லை. நாசரேத்து வீட்டில், தாயின் அருகில் அமர்ந்து அவர் கேட்ட வார்த்தைகள் அவை என்று நான் எண்ணுவதுண்டு.

இப்போது எங்கள் வீட்டில் அட்டவணை இல்லை. மாதத்துக்கு ஒரு வேதபகுதி. அதை முதலில் நானே கற்கிறேன். காலையில் தண்ணீர் பிடிக்கையிலும், மாலையில் விளக்கேற்றுகையிலும், உறங்குமுன்னும் சத்தமாகச் சொல்கிறேன். விரும்புகிறவர்கள் சேர்ந்துகொள்கிறார்கள். விருந்தினர் முன்பாகப் பிள்ளையை நிறுத்தி ஒப்புவிக்கச் செய்வதில்லை. பழைய பகுதிகளுக்கும் வாரம் ஒருமுறை திரும்பிப் போகிறோம். பொருள் கேட்டால் சொல்கிறோம், கேளாவிட்டால் காத்திருக்கிறோம்.

பிரியமானவர்களே, உங்கள் பிள்ளைக்கு எத்தனை வசனங்கள் தெரியும் என்று எண்ணுவதற்குமுன், உங்கள் வீட்டில் எந்த வசனம் தினமும் காதில் விழுகிறது என்று எண்ணிப்பாருங்கள்.

ஜெபம்: எங்கள் பிதாவே, மழையைக் காணாத மண்ணிலும் விதைக்கும் பொறுமையை எங்களுக்குத் தாரும். எங்கள் பெருமைக்காகப் பிள்ளைகளை நாங்கள் வருத்திய நாட்களை மன்னியும். எதிர்த்திண்ணையிலிருந்தும் நீர் பேசுகிறீர் என்று அறியும் செவியைத் தந்தருளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.