தந்தையார் சுமந்த நிலம்

நிலத்தை ஐவகையாகப் பகுத்துக் கண்டவர் நம் முன்னோர். “நம் மும்பை எவ்வகை நிலம், அப்பா?” என்று எங்கள் செம்பூர் இல்லத்தில் என் மகள் ஒருநாள் வினவினாள். விடையறியாத நான் அவளை அந்தேரியின் கில்பர்ட் குன்றுக்கு அழைத்துச் சென்றேன்.

ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பெருகி, அடுக்கடுக்காக உறைந்து கரும்பாறையாயிற்று. அக்குழம்பு ஆறிச் சுருங்குகையில் பிளந்தமையால் எழுந்தவையே அக்குன்றின் செங்குத்துத் தூண்கள். இத்தகைய பாறை மேடுகளே கொலாபா முதல் மாஹிம் வரை ஏழு தீவுகளாய் நின்றன. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் கல்லும் மண்ணும் கொட்டி அவற்றை இணைத்தனர்.

மாஹிம் கழியின் சதுப்போரம் கோலி மீனவர் வாழ்ந்த சிற்றூர் தாராவி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையினின்று தோல் பதனிடுவோர் அங்கே குடியேறினர். பின்னாளில், தேரிச் செம்மணலைப் பிரிந்து வந்த என் தந்தையாரும் அங்கேயே குடிசை அமைத்தார். மழைக்காலந்தோறும் தரை அமிழும். உடைந்த செங்கற்களைத் தலையிற் சுமந்து வந்து நிரப்புவார். நானோ, மாதுங்காவில் வசிப்பதாகப் பள்ளித் தோழரிடம் பொய்யுரைத்தேன். அதனை அவர் அறிந்திருந்தும் ஒருநாளும் கடிந்தாரில்லை.

குன்றின் உச்சியில் நின்று இதனை மகளிடம் முதன்முறையாகக் கூறினேன். சிறிது நேரம் சிந்தித்தவள், “அப்படியானால் இந்த நிலத்தில் கொஞ்சம் தாத்தா செய்தது!” என்றாள்.

தந்தையார் உயிரோடு இருந்தபோது நான் சொல்லியிருக்க வேண்டிய சொல் அது.