மூடி திருகும் ஓசை

எச்.ஜி. வெல்ஸ் 1898-ல் நூலாக வெளியிட்ட ‘உலகங்களின் போர்’ நாவலை, ஆர்சன் வெல்ஸின் மெர்க்குரி நாடகக் குழு 1938 அக்டோபர் 30 இரவு நியூயார்க்கின் சி.பி.எஸ். வானொலியில் ஒரு மணி நேர நேரலை நாடகமாக வழங்கியது. அதை எழுதியவர் ஹோவர்ட் கோச். கதை நிகழும் இடத்தைத் தேர்ந்தெடுக்க அவர் கண்ணை மூடிக்கொண்டு வரைபடத்தில் பென்சிலை ஊன்ற, அது நியூ ஜெர்சியின் குரோவர்ஸ் மில் என்ற சிற்றூரில் நின்றது. நாடகத்தில் பூமியின்மீது படையெடுக்கும் செவ்வாய்க் கிரகத்தினர் அங்கேயே வந்திறங்கினர். நடன இசை நிகழ்ச்சியைச் செய்தி அறிவிப்புகள் மேலும் மேலும் குறுக்கிடுவதுபோல் முதல் பகுதி அமைந்தது.

இந்த நாடகத்தை இன்று மேடையேற்றும் குழுக்கள் திரைச்சீலை வரைவதில்லை, வேடமும் பெரும்பாலும் போடுவதில்லை. கையில் தாள்களுடன் நடிகர்கள் மைக்கைச் சுற்றி நிற்கிறார்கள். தாள்களைப் பின் போட்டு இணைக்காமல் தனித்தனியாக வைத்துக்கொள்வது நல்ல வழக்கம். புரட்டும் சரசரப்பு மைக்கில் ஏறிவிடக் கூடாது. கூட்டத்தில் யாரோ கத்துவது தொலைவில் கேட்க வேண்டுமானால், நடிகர் இரண்டடி பின்வாங்கி முகத்தைத் திருப்பிக் கத்துகிறார். குரல் உயர்வதில்லை, தூரம்தான் மாறுகிறது.

மேடையின் ஓரத்து மேசைதான் நாடகத்தின் உண்மையான களம். சரளைக்கல் நிரப்பிய தட்டு காலடிக்கு, கசக்கிய செலோபேன் தாள் நெருப்புக்கு, தொங்கும் தகரம் இடிக்கு. 1938-ல் இந்த வேலையைத் தலைமையேற்றுச் செய்தவர் ஓரா நிக்கோல்ஸ் என்ற பெண். விண்கலத்தின் கதவு திருகித் திறக்கும் ஓசைக்காக, கழிவறைக்குள் எதிரொலி கிடைக்கும்படி ஒரு ஜாடியின் மூடியைத் திருகினார்கள் என்று சொல்லப்படுகிறது. மேடையில் அந்த இடத்தை நிரப்பும் கலைஞரின் மணிக்கட்டைக் கவனிக்க வேண்டும்: மூடியை ஒரே வீச்சில் கழற்றுவதில்லை. கால் சுற்று, நிறுத்தம், மீண்டும் கால் சுற்று. உலோகம் உரசும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் உள்ளே ஏதோ இருக்கிறது என்ற எண்ணம் கேட்பவர் மனத்தில் உருவாகிறது. எந்த வசனமும் இதைச் செய்யாது.

அதைவிடக் கடினமானது மௌனம். களத்திலிருந்து பேசும் செய்தியாளரின் பாத்திரத்தை ஏற்ற ஃபிராங்க் ரீடிக், 1937-ல் ஹிண்டன்பர்க் வான்கப்பல் எரிந்தபோது ஹெர்பர்ட் மாரிசன் கதறிப் பதிவுசெய்த வர்ணனையைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தயாரானார். செவ்வாய்க் கிரகத்தினரின் அனல் கதிர் நெருங்க, வாக்கியத்தின் நடுவே குரல் அறுந்துபோகிறது. அதன்பின் சில விநாடிகள் வானொலியில் எதுவுமே இல்லை. ஒலிபரப்பில் வெறுமை என்பது கோளாறு. ஆர்சன் வெல்ஸ் அதையே கருவியாக்கினார். அனுபவமில்லாத குழு இரண்டு விநாடியிலேயே பொறுமையிழந்து அடுத்த வசனத்துக்குத் தாவிவிடும். இந்த நாடகம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

இரண்டாம் பகுதியில் அறிவிப்புகள் ஓய்ந்து, நாடகத்தின் மற்றொரு பாத்திரமான பேராசிரியர் பியர்சன் பாழடைந்த நிலத்தில் தனியே நடந்தபடி பேசுகிறார். ஓசைகள் குறைவு, நடிகர்களும் குறைவு. பரபரப்பு போய்விட்டதே என்று சிலர் இதை வெட்டிச் சுருக்குகிறார்கள்; அது தவறு. பூமியின் நுண்ணுயிரிகளே படையெடுத்தவர்களைக் கொன்றன என்ற நாவலின் முடிவு இந்தத் தனிக்குரலில்தான் வருகிறது. ஓசை மேசையில் சரளைத் தட்டைத் தவிர எதற்கும் வேலையில்லை. அதன்மேல் ஒருவர் மட்டும், பியர்சனின் களைப்புக்கேற்ப, மெல்ல அடியெடுத்து வைக்கிறார்.