பாதியில் விட்டு எழுந்து போகக்கூடிய கடல்

ஜூன் 10, செவ்வாய், இரவு

மெழுகுச் சட்டி இன்று ஸ்டோர் ரூம் மேல்தட்டுக்கு ஏறிவிட்டது. சின்னவன் சோபாவைப் பிடித்து எழுந்து நிற்கிறான். இனிமேல் இந்த வீட்டில் பாத்தேக் நடக்காது.

தெரியாதவர்களுக்கு அது துணியில் படம் போடுகிற வேலை, அவ்வளவுதான். மெழுகும் குங்கிலியப் பிசினும் சேர்ந்து உருகி, ஒரே சூட்டில் நிற்க வேண்டும். ஆறினால் துணிக்குள் இறங்காமல் மேலே அப்பிக்கொள்ளும். சாயம் அடியில் புகுந்துவிடும். சூடு ஏறினால் சந்திங் என்கிற மெழுகுப் பேனாவின் மூக்கிலிருந்து ஒழுகும். கோட்டை ஆரம்பித்துவிட்டால் முடிகிறவரை கை எடுக்க முடியாது. நடுவில் தொட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தால் கோடு போச்சு.

அத்தைக்கு நிம்மதி. "புள்ள இருக்கிற வூட்டுல ஒரு அடுப்பு போதும்மா" என்று பெரியவன் பிறந்த நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வதில் தப்பில்லை. எனக்குத்தான் கைகள் சும்மா இருக்கின்றன.

நாங்கள் இருக்கிற ரவாங்கில் கடல் கிடையாது. ஈயம் தோண்டிய குட்டைகள் உண்டு, தாமான் தாமானாக வீடுகள் உண்டு. ஆனால் நான் வரைவது கடல். அதுவும் சிலாங்கூர்க் கடல். திரங்கானு நாட்காட்டியில் வருகிற நீலம் இங்கே இல்லை. சேறு, பாக்காவ் என்கிற அலையாத்தி மரத்தின் வேர், தூரத்தில் கப்பல்.

ஜூன் 14, சனி

ரவாங்கில் கமுட்டர் ஏறினால் வண்டி மாறாமல் கிள்ளான் துறைமுகம் வரை போகலாம். கூவாங், சுங்கை பூலோ, கெப்போங் என்று ஊர்ந்து, கேஎல் சென்ட்ரலில் பாதிக் கூட்டத்தை இறக்கிவிட்டு, கிள்ளானைத் தாண்டிக் கடைசி நிறுத்தத்தில் நிற்கும்போது எதிரே படகுத்துறை. பெண்கள் பெட்டியில் உட்கார்ந்துவிட்டால் பிள்ளையோடு போவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. சின்னவனை அத்தையிடம் விட்டுவிட்டு மூத்தவனை மட்டும் கூட்டிக்கொண்டு போனேன்.

புலாவ் கெத்தாமுக்குப் படகு. தூண்கள்மேல் நிற்கிற மீனவர் ஊர். மோட்டார் வண்டிகளுக்குப் பதில் சைக்கிள். நாங்கள் இறங்கியபோது கடல் வெகுதூரம் போயிருந்தது. இங்கே பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நாலு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். வீடுகளின் கால்கள் முழுசாக வெளியே தெரிந்தன, சிப்பி ஒட்டிய இடம்வரை ஒரு நிறம், அதற்குமேல் வேறு நிறம்.

"அம்மா, தண்ணி எங்க போச்சு?"

"அந்தப் பக்கம்."

"யாரு எடுத்தா?"

நிலா என்று சொன்னேன். நம்பவில்லை.

நடைபாலத்தில் குப்புறப் படுத்து இரண்டு பேரும் கீழே பார்த்தோம். ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெருத்த நண்டுகள். ஒவ்வொரு வளையைச் சுற்றிலும் கடுகளவு சேற்று உருண்டைகள். நண்டு சேற்றை வாயில் போட்டுச் சலித்து, தின்றது போக மீதியை உருட்டித் துப்பி வைத்தவை. சேறு கறுப்பு என்று நினைத்துத்தான் எல்லோரும் கறுப்பைக் குழைக்கிறோம். அருகில் பார்த்தால் அது கறுப்பே இல்லை. மேலே மெல்லிசாகத் தண்ணீர் நிற்கிற இடத்தில் வானத்தின் வெள்ளை, அது வடிந்த இடத்தில் சாம்பல் நீலம், நண்டு கிளறிய இடத்தில் மட்டும் உள்ளேயிருந்து வருகிற கருமை. அவுரி நீலத்தோடு எரிந்த பழுப்பைச் சேர்த்தால் பக்கத்தில் வரலாம். நோட்டில் குறிக்க நேரம் கிடைத்தது. வரைய நேரம் கிடைக்கவில்லை. ஒருவருக்குச் சிறுநீர் வந்துவிட்டது.

ஜூன் 17, செவ்வாய், இரவு

பிள்ளைகள் தூங்கின பிறகு சமையலறை மேசை. மலேசியாவில் முதன்முதலாக மின்சாரம் வந்த இடங்களில் ரவாங் ஒன்று. 1894இல் தம்புசாமிப் பிள்ளையும் லோக் யூவும் தங்கள் ஈயச் சுரங்கத்துக்காகக் கொண்டுவந்தார்கள். அந்தப் பெருமையில் பாதியாவது என் மேசை விளக்குக்கு இருக்கலாம். மஞ்சள் வெளிச்சத்தில் எந்த நீலமும் பச்சையாகத்தான் தெரிகிறது.

சிற்பி பார்பரா ஹெப்வொர்த்தைப் பற்றித் திரும்பப் படிக்கிறேன். ஏற்கனவே ஒரு மகன். 1934 அக்டோபரில் ஒரே பிரசவத்தில் மூன்று குழந்தைகள். அடுத்த வருடமே வெள்ளைச் சலவைக்கல்லில் 'மூன்று வடிவங்கள்'. மூன்று பிள்ளைகள்தான் மூன்று கற்கள் என்று எழுதிவிட எல்லோருக்கும் கை துறுதுறுக்கிறது. எனக்கு அது வேண்டாம். 1939 ஆகஸ்டில், போர் தொடங்கச் சில நாட்கள் இருக்கும்போது, குடும்பம் கார்ன்வால் கடற்கரைக்குப் போகிறது. பகலில் சிறுபிள்ளைகளுக்கு ஒரு குட்டிப் பள்ளி, காய்கறித் தோட்டம், சமையல். செதுக்க மரமும் இல்லை, கல்லும் இல்லை, நேரமும் இல்லை. இரவில் வரைந்தார். அங்கே கண்ட விரிகுடாவின் வளைவு 1946இல்தான் 'பெலகாஸ்' என்ற மரச்சிற்பமாக வந்தது: சுருண்டு நிற்கிற மரம், குடைந்த உட்புறத்தில் வெளிர்நிறச் சாயம், குறுக்கே இழுத்துக் கட்டிய நரம்புகள். கடற்கரைக்கு வந்து ஏழு வருடம் கழித்து.

தினம் அரைமணி நேரமாவது வேலை செய்தால் உருவங்கள் மனதுக்குள் வளரும் என்ற கருத்தில் அவர் சொன்னதைத்தான் எல்லோரும் எடுத்து நீட்டுகிறார்கள். எனக்கு அந்த அரைமணி நேரத்தின்மேல் முழு நம்பிக்கை இல்லை. அந்த நேரத்தில் குழந்தை யார் இடுப்பில் என்பதை யாரும் கேட்பதில்லை. கைக்குழந்தைகளாக இருந்த மூவரையும் அவர் கொஞ்ச காலம் ஒரு தாதியர் பயிற்சிக் காப்பகத்தில் விட்டிருந்தார். அதற்காக அவரைக் கடிந்தவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அப்பாவும் கலைஞர்தான், ஓவியர் பென் நிக்கல்சன். அவரை யாரும் கடிந்ததாகத் தெரியவில்லை.

நான் பார்ப்பது வேறு. கல்லுக்கு அவசரமில்லை. உளியை வைத்துவிட்டு எழுந்து போனால், திரும்பி வரும்வரை அதே இடத்தில் இருக்கும். மெழுகு அப்படி இல்லை. 'பேலன்ஸ்' என்று மேடையில் பேசுகிறவர்கள் நேரத்தைப் பங்கு போடுவதைப் பற்றியே பேசுகிறார்கள். எந்தப் பொருள் காத்திருக்கும், எது காத்திருக்காது என்பதல்லவா முதல் கேள்வி?

ஜூன் 22, ஞாயிறு

கேரித் தீவு. கணவர் கார் ஓட்ட, அத்தை முன் சீட்டில், நாங்கள் மூவரும் பின்னால். பாலம் தாண்டினால் இரண்டு பக்கமும் செம்பனை. சுங்கை பும்பூனில் மா மெரி பழங்குடி மக்களின் ஊர். ஆண்கள் செதுக்குகிற முகமூடிகளுக்குப் பேர் அதிகம். அதற்குரிய நீரே பத்து மரம் பாக்காவ் காட்டில் வளர்வது; இப்போது கிடைப்பது கஷ்டம். எனக்குப் பெண்களின் முடைசல்தான் பிடித்தது.

மெங்குவாங் என்பது நம்ம தாழை இனம். ஓலையின் முள்ளை எடுத்து, வாட்டி, கீற்றாகக் கிழித்து, ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, சாயம் ஏற்றிய பிறகுதான் முடையவே உட்காருகிறார்கள். ஒரு அம்மா தரையில் கால் நீட்டி முடைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் பேத்தியோ மகளோ, தூக்கத்திலிருந்து எழுந்து சிணுங்கினாள். அவர் முடைசல் ஓரத்தில் ஒரு பலகைத் துண்டைத் தூக்கி வைத்தார், எழுந்து போனார், பால் கலக்கினார், வந்தார், பலகையை எடுத்தார், விட்ட கீற்றிலிருந்து தொடர்ந்தார். எங்கே விட்டோம் என்று தேடக்கூட இல்லை. அத்தையும் அதைப் பார்த்தார். "இது நல்ல வேலை" என்றார். அவர் வாயிலிருந்து என் தொழில் சம்பந்தமாக வந்த முதல் பாராட்டு, வேறொருத்தருக்கு.

ஜூன் 25, புதன், அதிகாலை

தூக்கம் வரவில்லை. ஓவியர் டி.கே. பத்மினியை நினைத்துக்கொண்டிருந்தேன். கேரளத்தில் பொன்னானிப் பக்கத்துப் பெண். சென்னை ஓவியக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கரிடம் படித்தவர். சக ஓவியர் தாமோதரனை 1968இல் மணந்தார். 1969 மே மாதம் பிரசவத்தில் இறந்தார். முப்பது வயது நிரம்பவில்லை. அந்த வருடம் வரைந்த பட்டம் விடும் பெண்தான் கடைசி ஓவியம் என்கிறார்கள்.

பணிக்கரும் அவர் மாணவர்களும் 1966இல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டலம் அமைத்தபோது, நிலம் வாங்கின பணத்தில் பாத்தேக் விற்ற காசும் உண்டு. கடலோரத்தில் ஓவியர் கிராமம், அதற்கு மெழுகுத் துணி விற்ற பணம். என் ஸ்டோர் ரூம் சட்டிக்கு இதைப் படித்துக் காட்டலாம்.

ஜூன் 28, சனி

பெரியவனின் மெழுகு வண்ணக்குச்சிகள், வீட்டில் கிடந்த வெள்ளை மெழுகுவர்த்தி. சூடாக்காத மெழுகு. காகிதத்தில் மெழுகால் கோடு போட்டு, மேலே நீர்வண்ணம் பூசினால் மெழுகு பட்ட இடம் வண்ணத்தை ஏற்காது. சிற்பி ஹென்றி மூர் இதைத்தான் 1940இல் குண்டுவீச்சுக்கு ஒதுங்கி லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் படுத்துக் கிடந்தவர்களை வரையப் பயன்படுத்தினார். ஒரு சின்னப் பிள்ளைக்கு விளையாட்டாகப் படம் போட்டுக் காட்டும்போது மலிவு வண்ணக்குச்சியில் அவருக்குக் கிடைத்த வித்தை அது.

சேற்றின் மேல் நிற்கிற அந்த வெள்ளை மினுக்கு, கெத்தாமில் குப்புறப் படுத்துப் பார்த்தது, மெழுகுவர்த்தியில்தான் வருகிறது. கோட்டை எத்தனை தடவை வேண்டுமானாலும் விட்டுவிட்டுப் போகலாம். மெழுகு ஆறுவதற்கு ஒன்றும் இல்லை. நாள் முழுக்கக் கிடைக்கிற துண்டு நேரத்தில் கோடு. வண்ணம் பூசுவது மட்டும் ஒரே மூச்சில் முடிய வேண்டும், காய்ந்தால் விளிம்பு விழும். அதற்குச் சின்னவனின் பகல் தூக்கம் போதும். கணவருக்கு ஓவர்டைம் இல்லாத நாளில் பெரிய காகிதம், இருக்கிற நாளில் சின்னக் காகிதம்.

போன மாதம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடையில் என் பழைய பாத்தேக்கைப் பார்த்த அம்மா ஒருவர், ஹாலுக்கு நல்ல நீலக் கடலாக ஒன்று செய்து தரச் சொல்லியிருந்தார். முன்பணமும் தருவதாகச் சொன்னார். இன்று கூப்பிட்டேன். பாத்தேக் இப்போதைக்குச் செய்வதில்லை, காகிதத்தில்தான், அதுவும் சேற்றுக் கடல் என்றேன்.

"சேறா? அதை யாரு ஹால்ல மாட்டுவா?"

நண்டு வளைகள் இருக்கிற படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். நீலக் குறி விழுந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை. முந்நூற்றைம்பது வெள்ளி, சட்டத்துக்குத் தனி.