தரை அறிந்து நங்கூரம்

நடுக்கடலில் சிக்கிய படகுக்காகக் கலங்குவோர் பலர். கரைக்கு அருகே, மார்பளவு நீரில், வீட்டுத் திண்ணையிலிருந்து பார்க்கும் தொலைவில் உடைந்துபோகும் படகைப் பற்றி நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. பாக் விரிகுடாக் கரையில் பங்குப்பணி ஆற்றிய ஆண்டுகளில், இத்தகைய இழப்பு ஒரு குடும்பத்தை எவ்வளவு ஆழமாகத் தாக்கும் என்பதை நாம் அருகிருந்து கண்டோம். புயலுக்குப் பலியான படகுக்கு ஊர் இரங்கும், கட்டிவைத்த இடத்தில் போன படகுக்கோ, “சரியாக் கட்டலையா?” என்ற கேள்விதான் முதலில் வரும்.

இராமேசுவரம் தீவுப் பகுதி மக்கள் பாக் விரிகுடாவை வடகடல் என்பர். மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்பர். வடகடலின் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைந்த ஆழமுடையது. கரையோரத்தில் நெடுந்தொலைவு நடந்தே செல்லலாம். படகைக் கரையேற்ற இயலாத இடங்களில், ஒன்றிரண்டு மீட்டர் நீரிலேயே அதை நிறுத்திவைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று எழும்பினால், ஆழம் குறைந்த அந்நீரில் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டும் வரும். ஒவ்வோர் அலையும் படகை வெடுக்கென்று இழுக்கும். ஆகவே, “ஆழந்தான் இல்லையே, எதைப் போட்டாலும் நிற்கும்” என்ற துணிவு ஆபத்தானது.

அப்படியொரு கார்த்திகை இரவில், நம் பங்கைச் சேர்ந்த ஒரு படகு தன் கல் நங்கூரத்தை இழுத்துக்கொண்டே சென்று கரைச்சுவரில் மோதிப் பிளந்தது. உயிருக்குச் சேதமில்லை. ஆனால் படகு போய்விட்டது. அதற்கு வாங்கிய கடன் போகவில்லை. அடுத்த வாரமே, அன்பியச் சேமிப்பிலிருந்து சிறு கடன் கேட்டுக் கைம்பெண் ஒருவர் தம் இரு மகன்களுடன் பங்கு இல்லத்திற்கு வந்தார். அவர்களிடம் இருந்தது ஒரு ஃபைபர் படகு. தந்தை விட்டுச்சென்ற கல்லே போதும் என்றார் மூத்தவர். நகரத்துக் கடையில் பார்த்த கனமான இரும்பு நங்கூரமே வேண்டும் என்றார் இளையவர். தாய் நம்மைப் பார்த்து, “சாமி, இவங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எதைப் போட்டா நான் ராத்திரி கண்ணை மூடலாம்? நீங்களே விசாரிச்சுச் சொல்லுங்க” என்றார்.

வயற்காட்டில் பிறந்து, குருமடத்தில் இறையியல் பயின்ற நாம் இதற்கு விடை சொல்லத் தகுந்தவர் அல்லர். எனவே ஊரின் மூத்த மீனவர் ஒருவரை வரவழைத்தோம். அவர் கல்லையும் பற்றிப் பேசவில்லை. இரும்பையும் பற்றிப் பேசவில்லை. “தம்பி, படகை எங்க கட்டுறீங்க? அங்க அடியில என்ன கிடக்கு?” என்று மட்டும் கேட்டார். நங்கூரம் தேர்வோர் அனைவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவே என்பதைப் பின்னர் உணர்ந்தோம்.

கல் தன் எடையால் மட்டுமே நிற்பது. அந்த எடையும் நீருக்குள் முழுமையாக நிலைப்பதில்லை. 20 கிலோ கருங்கல், கடல்நீரில் ஏறத்தாழ 12 கிலோவாகக் குறைந்துவிடும். அதே எடையுள்ள இரும்போ 17 கிலோவுக்குக் குறையாது. ஆனால் இரும்பின் சிறப்பு அதன் எடையில் இல்லை. தரையைப் பற்றும் அதன் வடிவத்தில் இருக்கிறது. நான்கு கொக்கிகள் கொண்ட நங்கூரம் பாறையிடுக்கில் நன்கு மாட்டிக்கொள்ளும். மென்மணலில் கோடு கிழித்துக்கொண்டே நகர்ந்துவிடும். தண்டின் இருபுறமும் சாய்ந்து திரும்பும் இரு தட்டை அலகுகளைக் கொண்ட டான்ஃபோர்த் வகை, எடை குறைவாயினும், இழுக்க இழுக்க மணலுக்குள் புதையும். இரண்டாம் உலகப் போரின்போது தரையிறங்கு படகுகளுக்குப் பயன்பட்டது இவ்வகையே. கலப்பை வடிவ நங்கூரத்தை 1933-இல் வடிவமைத்தவர், ஜெஃப்ரி இங்கிராம் டெய்லர் என்னும் ஆங்கிலேய இயற்பியல் அறிஞர். எடையைக் கூட்டாமல் பிடிப்பைக் கூட்டுவது எப்படி என்பதே இவர்கள் அனைவரின் தேடலாக இருந்தது.

இரண்டு மீட்டருக்கும் குறைந்த நீரில், சேற்றிலோ மணலிலோ ஆழ ஊன்றிய ஒரு கழி, எந்த நங்கூரத்திற்கும் இளைத்ததன்று. அமைதியான நீரில் படகு சுற்றாது. ஓசை எழாததால் மீனும் கலையாது. அமெரிக்காவின் ஃபுளோரிடாக் கரையில், பொத்தானை அழுத்தினால் படகின் பின்புறத்திலிருந்து தரையில் இறங்கி ஊன்றும் கோல்களைத் தூண்டில் மீன்பிடிப்போர் பொருத்திக்கொள்கின்றனர். விலையும் விசையும் வேறு. தத்துவம் மூங்கில் கழியினுடையதே. ஆயினும் இவ்விரண்டும் பகற்பொழுதுக்கும் அடங்கிய நீருக்கும் உரியவை. அலை எழுந்தால் படகின் ஏற்ற இறக்கத்தில் கோல் முறியும், அல்லது பிடுங்கிக்கொள்ளும். வாடைக்கால இரவில் அதை மட்டும் நம்பித் தூங்க முடியாது.

அடுத்து அம்முதியவர் கேட்டது கயிற்றைப் பற்றி. நங்கூரம் பிடிப்பதும் விடுவதும் கயிற்றின் சாய்வைப் பொறுத்தது. ஆழத்தைப் போல் மூன்று மடங்கு கயிறு விட்டால், இழுவை ஏறத்தாழ 20 பாகைச் சாய்வில் நங்கூரத்தை மேல்நோக்கித் தூக்கும். ஏழு மடங்கு விட்டால் சாய்வு 8 பாகையாகக் குறைந்து, நங்கூரம் தரையோடு ஒட்டிக் கிடக்கும். இதில் ஆழமற்ற நீருக்கே உரிய கணக்கு ஒன்றுண்டு. நீர் 2 மீட்டர், படகின் முன்பகுதியாகிய அணியம் நீருக்கு மேல் 1 மீட்டர் என்றால், அளவிட வேண்டியது 2 அன்று, 3. விட வேண்டிய கயிறு 14 மீட்டர் அன்று, 21 மீட்டர். ஆழ்கடலில் அந்த ஒரு மீட்டர் பொருட்டன்று. இங்கோ அது பாதிக் கணக்கையே மாற்றிவிடுகிறது. நங்கூரத்தை ஒட்டி இரண்டு மூன்று மீட்டர் சங்கிலி இணைத்தால் கயிறு தரையில் உராய்ந்து அறாது, இழுவையும் தாழும். கயிறு, நீண்டு கொடுக்கும் நைலானாக இருப்பது நலம். மிதக்கும் கயிறு ஆழமற்ற நீரில் பிறர் படகின் விசிறியில் சுற்றிக்கொள்ளும்.

ஆனால் கயிறு நீண்டால் படகு சுழலும் வட்டமும் விரியும். நெருங்கி நிற்கும் படகுகளில் ஒன்று நீளக் கயிற்றிலும் மற்றொன்று குட்டைக் கயிற்றிலும் நின்றால், காற்று திரும்பும்போது இரண்டும் மோதிக்கொள்ளும். ஒருவர் தம் நங்கூரத்தை எவ்வளவு நன்றாகத் தேர்ந்தாலும், அடுத்தவர் படகு அறுத்துக்கொண்டு வந்தால் அதனால் பயன் என்ன? ஆகவே ஊரார் கூடி இடைவெளியையும் கயிற்றளவையும் ஒத்துப் பேசியாக வேண்டும். அவ்வாறே தென்கடலில் நங்கூரம் வீசுவோர், பவளப் பாரின் மேல் வீசாமல் மணல் திட்டைத் தேட வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த கடல், 1986 முதல் தேசியப் பூங்காவாகும். வடகடலின் கடற்புல் வெளிகளில் கடற்பசு மேய்கிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் அதற்கென 2022-இல் ஒரு காப்பகம் அறிவிக்கப்பட்டது. மீன்குஞ்சு வளரும் தரையை நம் கொக்கியே கிழிப்பது, நம் கலயத்தை நாமே உடைப்பதற்கு ஒப்பாகும்.

திருத்தூதர் பணிகள் 27-ஆம் அதிகாரத்தை அன்று மாலை மீண்டும் எடுத்துப் படித்தோம். புனித பவுல் பயணம் செய்த கப்பலின் மாலுமிகள், நள்ளிரவில் கரை நெருங்குவதை உணர்ந்தவுடன் முதலில் செய்தது ஆழம் பார்த்தது. முதல் அளவு 20 பாகம், அடுத்தது 15 பாகம். அதன் பிறகே கப்பலின் பின்புறத்திலிருந்து 4 நங்கூரங்களை இறக்கினர். விடிந்ததும் கரையேற வேண்டிய பெருங்கப்பலுக்கு அது பொருந்தியது. எஞ்சின் தொங்கும் தாழ்ந்த பின்புறம் கொண்ட ஃபைபர் படகை அவ்வாறு கட்டினால் அலை உள்ளே ஏறிவிடும். அதை அணியத்திலிருந்துதான் கட்ட வேண்டும். பொழுது விடிந்தபின் அந்த நங்கூரங்களைக் கயிறறுத்துக் கடலிலேயே விட்டனர் என்பதும் கவனிக்கத்தக்கது. நங்கூரம் உயிரைக் காப்பதற்கே. நங்கூரத்தைக் காப்பதற்கு உயிர் அன்று. கயிறறுக்க ஒரு கத்தி அணியத்தில் எப்போதும் இருக்கட்டும் என்று அம்முதியவரும் சொன்னார்.

எபிரேயர் திருமுகம் எதிர்நோக்கை நங்கூரத்திற்கு ஒப்பிடுவதை நாம் அறிவோம். அங்கும் அந்த நங்கூரத்தின் எடை பேசப்படவில்லை. திரைக்கு அப்பால், அது எங்கே சென்று பற்றுகிறது என்பதே பேசப்படுகிறது.

அக்குடும்பம் முடிவில் வாங்கியது, இளையவர் விரும்பிய கனமான நங்கூரம் அன்று. படகு நிற்கும் இடம் மணல் என்பதால், பட்டறையில் செய்த 10 கிலோ தட்டை அலகு நங்கூரமும், 3 மீட்டர் சங்கிலியும், 40 மீட்டர் நைலான் கயிறும் வாங்கினர். செலவில் பெரும்பங்கு கயிற்றுக்கும் சங்கிலிக்குமே ஆயிற்று. தந்தையின் கல்லை எறியவில்லை. காற்று மிகும் நாளில் இரண்டாவதாகப் போட அது படகிலேயே இருக்கிறது. நங்கூரத்தை இறக்கியதும் எஞ்சினை மெல்லப் பின்னோக்கி இயக்கி அது பற்றியதா என்று பார்ப்பதையும், கோவில் கோபுரத்தையும் அதன் பின்னுள்ள ஒற்றைப் பனையையும் ஒரே கோட்டில் வைத்துப் படகு நகர்கிறதா என்று கவனிப்பதையும் சகோதரர் இருவரும் வழக்கமாக்கிக்கொண்டனர்.

அடுத்த வாடையில் தாயைச் சந்தித்தபோது, “இரவில் உறக்கம் வருகிறதா?” என்று வினவினோம். “காத்து அடிச்சா முழிப்பு வந்துருது சாமி. எந்திரிச்சுப் பாப்பேன். படகு அங்கனயே நிக்கும். திரும்பப் படுத்துக்குவேன்” என்றார்.